ஹெட்செட் வாங்கும் முன் வீட்டை அளந்து பாருங்கள்

கடந்த ஆண்டு சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு, வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் ஒரு மிக்ஸ்டு ரியாலிட்டி ஹெட்செட்டை மதுரை எல்லீஸ் நகரிலுள்ள எங்கள் வீட்டில் வைத்துவிட்டு, மூன்று வாரம் நண்பர்களோடு ஊர் சுற்றக் கிளம்பிவிட்டான். அந்த மூன்று வாரத்தில் வீட்டிலுள்ள ஆறு பேரும், வந்துபோன உறவினர்களும், எதிர்வீட்டுப் பிள்ளைகளும் அதைத் தலையில் மாட்டிப் பார்த்தார்கள். கழற்றியதும் ஏறக்குறைய எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: நாமும் ஒன்று வாங்கலாமா?

இந்தத் தொழிலில் பெரும் பணம் போட்டிருப்பவர்கள் உலகெங்கும் கேட்டுக்கொண்டிருப்பதும் இதையேதான். சாதாரணக் குடும்பங்கள் இதை வாங்கிப் பழகுமா என்பதற்கு, விற்பவர் தரும் தொழில்நுட்ப விவரப் பட்டியலில் பதில் கிடையாது. கூடத்தின் நீள அகலம், மே மாதத்து வெக்கை, அணிந்திருக்கும் கண்ணாடியின் பவர், வீட்டில் யார் எந்த நேரத்தில் தனியாக இருக்கிறார் என்பவையே அதைத் தீர்மானிக்கின்றன. ஆகவே, காசைக் கொடுப்பதற்கு முன்பாகவே இவற்றைச் சோதித்துப் பார்க்கும் முறையை இங்கே எழுதுகிறேன். நான் செய்த வரிசையில் அல்லாமல், செய்திருக்க வேண்டிய வரிசையில் எழுதியிருக்கிறேன்.

எதை வாங்குகிறோம் என்று தெரிந்துகொள்ளுதல்

மிக்ஸ்டு ரியாலிட்டி, அதாவது கலப்பு மெய்ம்மை என்ற சொல்லுக்கு இன்றைய பொருளை நிலைநிறுத்தியது, பால் மில்கிராம், ஃபுமியோ கிஷினோ ஆகிய இரு ஆய்வாளர்கள் 1994ஆம் ஆண்டு எழுதிய கட்டுரை. முழு நிஜம் ஒரு முனை, கணினி உருவாக்கிய முழுக் கற்பனை உலகம் மறுமுனை என ஒரு கோடு வரைந்து, இடையில் வருவனவற்றை அவர்கள் இந்தப் பெயரால் அழைத்தார்கள். நம் ஊர்க் கணக்கில் சொல்வதானால், கட்டிலில் உட்கார்ந்திருக்கும்போதே சுற்றும் முற்றும் திருமலை நாயக்கர் மகாலாகவே தெரிந்தால் அது மெய்நிகர் உலகம், அதாவது விஆர். அதே மகாலின் தூண் ஒன்று உங்கள் வீட்டுக் கூடத்தில், டிவிக்கும் பீரோவுக்கும் நடுவே நின்றால் அது கலப்பு மெய்ம்மை. தூணைச் சுற்றி நடக்கலாம். அந்தப் பக்கம் அம்மா வந்தால் அம்மாவும் தெரிவார்.

இன்று வீட்டு உபயோகத்துக்கென விற்கப்படும் ஹெட்செட்டுகளில் முன்பக்கக் கேமராக்கள் கூடத்தைப் படம்பிடிக்கின்றன. உள்ளே கண்ணுக்கு நேராக உள்ள சிறு திரைகளில் அந்தப் படம் ஓடுகிறது. அதன் மேல் கணினி தன் உருவங்களை ஒட்டுகிறது. அதாவது, உங்கள் கூடத்தின் நேரடி ஒளிபரப்பைத்தான் உங்கள் கூடத்தில் உட்கார்ந்து பார்க்கிறீர்கள். ஆப்பிள் விஷன் புரோவில் மொத்தம் 12 கேமராக்கள் இருக்கின்றன. வெளிக் கேமராக்கள் பார்த்தது 12 மில்லி விநாடிக்குள் திரைக்கு வந்துவிடும் என்பது அந்நிறுவனத்தின் கணக்கு. தலை திரும்பும் வேகத்துக்குப் படம் பின்தங்கினால் குமட்டும் என்பதால்தான் இவ்வளவு அவசரம். ஆனால் எவ்வளவு உயர்ந்த கேமராவானாலும் அது கேமராதான். இரவில் ஒற்றை டியூப்லைட் வெளிச்சத்தில், எங்களிடம் இருந்த கருவியில் வீட்டுச் சுவர் முழுவதும் ரவை தூவியது போலப் புள்ளிகள் ஓடின. கைப்பேசிக்கு வந்த ஓடிபியைப் படிக்க ஒவ்வொரு முறையும் ஹெட்செட்டை நெற்றிக்கு உயர்த்த வேண்டியிருந்தது.

கைப்பேசியைச் செருகி மாட்டிக்கொள்ளும் மலிவான பெட்டிகளை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 2023இல் கிரிக்கெட் பருவத்தில் ஜியோடைவ் என்ற அத்தகைய பெட்டி 1,299 ரூபாய்க்கு வந்தது. அவ்வகைப் பெட்டிகளில் தலையைத் திருப்பிப் பார்க்கலாம், எழுந்து நடந்தால் காட்சி நடக்காது, கூடமும் தெரியாது. அதைப் போட்டுப் பார்த்துவிட்டு இதைப் பழித்தவர்களும் உண்டு, அதை நம்பி இதை வாங்கியவர்களும் உண்டு.

கழுத்தையும் கண்ணையும் சோதித்தல்

மெட்டா குவெஸ்ட் 3 ஹெட்செட்டின் எடை 515 கிராம். அரை லிட்டர் ஆவின் பால் பாக்கெட்டின் எடையும் ஏறக்குறைய அதேதான் என்பது வசதியான ஒற்றுமை. 2024இல் வந்த முதல் விஷன் புரோ 600 முதல் 650 கிராம் வரை இருக்கும். அதன் பேட்டரி தனியாக 353 கிராம், சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். எனவே கடைக்குப் போவதற்கு முன் ஒரு பால் பாக்கெட்டைப் பாலித்தீன் பையில் போட்டு, துண்டில் சுற்றி, நெற்றிக்கு முன்னால் வருமாறு தலையில் கட்டிக்கொண்டு அரை மணி நேரம் டிவி பாருங்கள். வீட்டார் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஹெல்மெட் இதைவிட இரு மடங்கு கனமாயிற்றே, அதைப் போட்டுக்கொண்டு திருமங்கலம் வரை போகவில்லையா என்று கேட்கலாம். ஹெல்மெட்டின் கனம் உச்சந்தலையில் இறங்குகிறது. ஹெட்செட்டின் கனம் முகத்துக்கு முன்னால் தொங்குகிறது. அதைத் தாங்கிப் பிடிப்பது பிடரித் தசை. அரை மணியில் பிடரி இறுகினால், பின்பக்கம் எடை தரும் வேறு பட்டை தேவைப்படும் என்று அதன் விலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். செம்பை உயர்த்தி அண்ணாந்து தண்ணீர் குடிக்கும் பழக்கமுள்ளவர்கள் மாட்டிய நிலையில் அதை முயலாமலிருப்பது நல்லது. தலை பின்னால் சாயும்போதுதான் இதன் முழு எடையும் தெரியும்.

அடுத்தது கண். திரை கண்ணுக்கு மிக அருகில் இருந்தாலும், நடுவிலுள்ள லென்ஸ் அதை ஒரு மீட்டருக்கும் அப்பால் இருப்பது போலக் காட்டுகிறது. ஆகவே கிட்டப்பார்வைக்காகக் கண்ணாடி போடுபவர்கள் இதற்குள்ளும் போட்டாக வேண்டும். சாதாரணக் கண்ணாடியோடு மாட்டினால் இரண்டு லென்ஸும் உரசிக் கீறல் விழும். குவெஸ்ட் 3 போன்றவற்றில் முகத்துக்கும் லென்ஸுக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டலாம் என்றாலும், அகலமான ஃபிரேம் உள்ளே நுழையாது. பவருக்கு ஏற்ப உள்ளே பொருத்தும் லென்ஸ்கள் தனியாகக் கிடைக்கின்றன. விஷன் புரோவுக்கு அவை 99 டாலரிலிருந்து தொடங்கின.

இதற்காகவே ஒருமுறை கண் பரிசோதனை செய்துகொள்வது பயனுள்ளது. 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கிய ஊரில் இருந்துகொண்டு அதற்குச் சோம்பல்பட நியாயமில்லை. அப்போது இரு கண்மணிகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை, கண்ணாடிக் கடையில் பி.டி. என்று சொல்லும் அளவை, மில்லி மீட்டரில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு இது சராசரியாக 63 மில்லி மீட்டர் அளவில் இருக்கும். குவெஸ்ட் 3இல் ஒரு சக்கரத்தைத் திருகி இந்த இடைவெளியைச் சீராக மாற்றலாம். விலை குறைந்த குவெஸ்ட் 3எஸ்ஸில் 58, 63, 68 என மூன்று நிலைகள் மட்டுமே உண்டு. உங்கள் அளவு இரண்டு நிலைகளுக்கு நடுவில் விழுந்தால் எழுத்தின் ஓரம் மங்கும், தலைவலியும் வரலாம். மாறுகண் உள்ளவர்களுக்கும் ஒரு கண்ணில் மட்டும் பார்வை நன்றாக உள்ளவர்களுக்கும் இதன் ஆழக் காட்சி சரியாகக் கிடைக்காது. வலிப்பு நோய் உள்ளவர்களும் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் மாட்டக் கூடாது. பிள்ளைகளைப் பொறுத்தவரை, மெட்டா 10 வயதையும் ஆப்பிள் 13 வயதையும் கீழ் எல்லையாக வைத்திருக்கின்றன. ஐந்து வயதுப் பேரன் அடம்பிடிக்கிறான் என்று ஐந்து நிமிடம் மாட்டிவிடும் தாத்தாக்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவன் முகத்துக்கும் கண் இடைவெளிக்கும் அது செய்யப்படவே இல்லை.

முதல் சில நாட்கள் பத்து நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். கூடம் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருப்பதால் கலப்பு மெய்ம்மையில் குமட்டல் குறைவு. முழு விஆர் விளையாட்டில் உடல் நிற்க, காட்சி மட்டும் ஓடும்போதுதான் வயிறு புரட்டும். புரட்டத் தொடங்கியதும் கழற்றிவிட வேண்டும், பழகிவிடும் என்று பொறுத்துக்கொள்ளக் கூடாது. கழற்றிய உடனே டூவீலரை எடுத்துக்கொண்டு கிளம்பவும் கூடாது.

வெக்கை, வெளிச்சம், சுவர்

வெளிநாட்டு விமர்சனங்களைப் படித்து முடிவெடுப்பவர்கள் தவறவிடும் பகுதி இதுதான். விஷன் புரோவை இயக்கத் தகுந்த சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை என்று ஆப்பிள் வரையறுத்திருக்கிறது. மதுரையில் கத்திரி வெயில் காலத்தில் பகல் வெப்பம் 40ஐத் தொடுவது வழக்கம். ஏசி இல்லாத மொட்டைமாடிக்குக் கீழ் அறையில் இரவு பத்து மணிக்கும் 30க்கு இறங்காது. ஆக, மூன்றரை லட்சமோ நான்கு லட்சமோ கொடுத்து வரவழைத்த கருவியை, வருடத்தில் பல மாதங்கள் ஏசி அறையில் மட்டுமே முறைப்படி பயன்படுத்த முடியும். விலை குறைந்த கருவிகளும் உள்ளே சிறு விசிறியோடு சூடாகத்தான் ஓடுகின்றன. அந்தச் சூட்டோடு நம் வியர்வையும் சேர்ந்தால், லென்ஸில் ஆவி படர்ந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை துடைக்க வேண்டியிருக்கும். உங்கள் வீட்டில் ஏசி எந்த அறையில் இருக்கிறது, அந்த அறை எந்த நேரத்தில் யாருடையது என்று எழுதிப் பாருங்கள். எங்கள் வீட்டில் அது அப்பா அம்மா படுக்கும் அறை. ஒன்பது மணிக்குப் பிறகு அங்கே யாரும் கையை வீசிக்கொண்டு நிற்க முடியாது.

வெப்பத்தைவிட மோசமான எதிரி நேரடி வெயில். ஹெட்செட்டின் லென்ஸ், உள்ளே சூரிய ஒளி பட்டால், பூதக்கண்ணாடி காகிதத்தை எரிப்பது போலத் திரையைப் பொசுக்கிவிடும். சில நிமிடம் போதும். சன்னல் ஓர மேசையிலும், காரின் டேஷ்போர்டிலும், துணி காயும் மாடியிலும் லென்ஸ் மேல்நோக்கி இருக்கும்படி வைக்கவே கூடாது. கழற்றினால் பெட்டிக்குள் போக வேண்டும் என்பதை வீட்டில் எல்லோருக்கும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

இடத்தை அளப்பதற்கு ஞாயிற்றுக்கிழமை காலை தகுந்த நேரம் அன்று. வாரநாளில் இரவு எட்டு மணிக்கு, எல்லோரும் வீட்டில் இருக்கும்போது டேப்பை எடுங்கள். நின்று நடந்து பயன்படுத்த மெட்டா பரிந்துரைக்கும் காலியிடம் இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர், அதாவது சுமார் ஆறரை அடிக்கு ஆறரை அடி. பத்துக்குப் பன்னிரண்டு கூடத்தில் சோபா, பீரோ, தையல் மெஷின், மடித்துச் சாய்த்த கட்டில், பிள்ளைகளின் புத்தகப் பை எல்லாம் போக எவ்வளவு மிஞ்சுகிறது என்று அப்போதுதான் தெரியும். அவ்வளவு இடம் இல்லையென்றால் உட்கார்ந்து செய்யும் வேலைகளுக்கு மட்டும் என்று முடிவு செய்துகொள்ளலாம். படம் பார்க்கவும் பெரிய திரையில் கணினி வேலை செய்யவும் ஒரு நாற்காலி போதும். கையை மேலே நீட்டினால் பரண் விளிம்போ ஃபேனோ இடிக்குமா என்று மாட்டாமலே ஒருமுறை நீட்டிப் பார்த்துவிடுங்கள். ஊஞ்சல் இருந்தால் சங்கிலியைக் கழற்றி வைக்காமல் தொடங்க வேண்டாம்.

இந்தக் கருவிகள் அறையிலுள்ள மூலைகள், விளிம்புகள், சித்திரங்கள் ஆகியவற்றை அடையாளமாக வைத்துக்கொண்டுதான் தலை எங்கே இருக்கிறது என்று கணிக்கின்றன. இருட்டில் அடையாளம் தெரியாது; ஒரே நிறத்தில் வெறுமையாக இருக்கும் சுவரிலும் தெரியாது; ஆளுயரக் கண்ணாடி பதித்த பீரோ எதிரே இருந்தால், அதற்குள் இன்னோர் அறை இருப்பதாக நம்பித் தடுமாறும். கண்ணாடியின் மேல் ஒரு போர்வையைப் போட்டால் அந்தச் சிக்கல் தீர்ந்தது. சாமி படங்களும் காலண்டர்களும் நெருக்கமாக மாட்டிய சுவர் எங்கள் வீட்டில் மிக நன்றாகப் பிடிபட்டது. புதிதாகப் பெயின்ட் அடித்து ஆணி அடிக்க விடாமல் வைத்திருந்த தம்பி அறையில்தான் ஹெட்செட் காட்டிய தூண் இடம்விட்டு இடம் நகர்ந்தது. மாசி வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளில் இருப்பவர்கள் வைஃபையையும் சோதிக்க வேண்டும். வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலை அந்தத் தடித்த சுவர்களைத் தாண்டத் திணறும், மோடத்தை அதே அறைக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். மின்கட்டணத்தைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். 18 வாட் சார்ஜர் இரண்டு மணி நேரம் ஓடினாலும் யூனிட்டில் இருபத்தைந்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான்.

தலைமுடியும் நெற்றியும் தனிப் பிரச்சினை. பட்டை பிடரியின் மேட்டைக் கவ்வித்தான் நிற்கிறது. கொண்டை போட்டு மல்லிகைப்பூச் சூடிய தலையில் அது சரியாக அதே இடத்தில் மோதுகிறது. என் மனைவி பூவைக் கழற்றி வைத்துவிட்டு மாட்டிக்கொள்ள இரண்டு முறைக்கு மேல் உடன்படவில்லை. சடையைத் தாழ்வாகப் பின்னியவர்களுக்குச் சிரமம் இல்லை. தேங்காய் எண்ணெய் துணிப் பட்டையில் ஊறினால் வாடை போகாது. திருநீறும் குங்குமமும் முகத்தில் அழுந்தும் மெத்தையில் ஒட்டி, அடுத்து மாட்டுபவரின் நெற்றிக்கும் போகும், தூள் லென்ஸிலும் விழும். ஆகவே நெற்றியைத் துடைத்துவிட்டு மாட்டுவது, கழுவக்கூடிய சிலிக்கான் உறை வாங்கிப் போடுவது, பட்டைக்கு அடியில் பழைய பருத்திக் கைக்குட்டை வைப்பது ஆகிய மூன்றும் அவசியம். லென்ஸைக் கண்ணாடி துடைக்கும் உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் மட்டுமே துடைக்க வேண்டும். சானிடைசர், வேட்டி முனை இரண்டும் ஆகாது.

மூன்று வார நோட்டு

மேலே சொன்னவற்றில் தேறிய பிறகு, வாங்குவதற்கு முன் ஒரு கருவியை இரவல் வாங்கி மூன்று வாரம் வீட்டில் வைத்திருக்க வழி தேடுங்கள். ஐடி நிறுவனத்தில் இருக்கும் உறவினர், பொறியியல் கல்லூரியில் திட்டப்பணி செய்த பிள்ளைகள் என்று விசாரித்தால் அலமாரியில் தூங்கும் ஒன்று கிடைக்கும். அது அலமாரியில் தூங்குவதே உங்களுக்கு முதல் தகவல். விளையாட்டு மையத்தில் பத்து நிமிடம் பார்ப்பது இதற்கு ஈடாகாது. பத்து நிமிடத்தில் யாருக்கும் பிடிக்கும்.

ஒரு நாற்பது பக்க நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்: யார் மாட்டினார், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எதற்காக, ஏன் கழற்றினார். கடைசிக் கட்டம்தான் முக்கியம். எங்கள் வீட்டு நோட்டில் ‘வேர்த்தது’, ‘கழுத்து வலி’, ‘சார்ஜ் தீர்ந்தது’ எல்லாம் இருந்தன. இரண்டு மணி நேரத்தை ஒட்டித்தான் இப்போதைய கருவிகளின் பேட்டரி நிற்கிறது. ஆனால் பாதிக்கு மேற்பட்ட வரிகளில் இருந்தது ‘கூப்பிட்டார்கள்’ என்பதே. கேஸ் சிலிண்டர் வந்தது, பால்காரர் கணக்கு கேட்டார், சித்தி போன் செய்தார், குழந்தை அழுதது, சாப்பிட வரச் சொன்னார்கள். நம் கூடத்தில் ஒருவர் ஒரு மணி நேரம் யாராலும் அழைக்கப்படாமல் இருப்பது அரிது. டிவியோ, ஒருவர் எழுந்து போனாலும் மற்றவர்களுக்காக ஓடிக்கொண்டிருக்கும். ஹெட்செட் ஒரே ஆளுக்கான பொருள். எதுவும் ஒரே ஆளுக்கென்று இல்லாத வீட்டுக்குள் அது வருகிறது. சாதாரண நுகர்வோரிடம் இது பரவுவதற்குத் தடை விலைதான் என்று நினைத்துக்கொண்டிருந்த நான், அந்த நோட்டைப் பார்த்த பிறகு விலையை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டேன்.

முன் அனுபவமும் அதையே சொல்கிறது. தனித்தனிக் கண்ணாடி அணிந்து பார்க்க வேண்டியிருந்த 3டி டிவிக்களை, வீட்டில் கூடி உட்கார்ந்து பார்ப்பவர்கள் கைவிட்டார்கள்; 2017க்குள் சோனியும் எல்ஜியும் அவற்றை நிறுத்திவிட்டன. மைக்ரோசாஃப்ட் 2016இல் 3,000 டாலருக்கு வெளியிட்ட ஹோலோலென்ஸ் தொழிற்சாலைகளையும் ராணுவத்தையும் தாண்டி வீட்டுக்குள் வரவே இல்லை. அதன் இரண்டாம் பதிப்பின் உற்பத்தியும் 2024இல் நின்றது. விலை குறைந்த கருவிகளும் வந்துவிட்டன: 2024 பிப்ரவரியில் விஷன் புரோ 3,499 டாலர், அதே ஆண்டு அக்டோபரில் குவெஸ்ட் 3எஸ் 299 டாலர், 2025 அக்டோபரில் சாம்சங் கேலக்ஸி எக்ஸ்ஆர் 1,799 டாலர். பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த விலையில் ஒன்று கிடைத்தும் கைப்பேசியைப் போல இது வீட்டுக்கு வீடு புகவில்லை. நிறுவனங்கள் இப்போது சாதாரண மூக்குக்கண்ணாடி வடிவத்தின் பக்கம் திரும்பியிருப்பதற்கும் இதில் தொடர்பு இருக்கிறது. 2025 மே மாதம் 29,900 ரூபாய்க்கு இந்தியாவுக்கு வந்த ரே-பான் மெட்டா கண்ணாடியில் திரையே கிடையாது, ஆகவே அது கலப்பு மெய்ம்மைக்குள் வராது; ஆனால் அதை அணிந்தவர் முகத்தைப் பார்த்து எதிரே இருப்பவர் பேச முடியும்.

நோட்டில் மூன்றாம் வாரத்தை மட்டும் தனியாகக் கூட்டிப் பாருங்கள். முதல் வாரம் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். அது திருவிழாக் கூட்டம், கணக்கில் சேராது. எங்கள் வீட்டில் மூன்றாம் வாரம் மிஞ்சியவர்கள் இருவர். ஒருவர் என் தம்பி: இரவு பதினொரு மணிக்கு மேல், விளக்கைக் குறைத்துக்கொண்டு, யாரையும் எழுப்பாமல் பெரிய திரையில் படம் பார்த்தான். இன்னொருவர் கட்டடக்கலை படிக்கும் என் அண்ணன் மகள். தான் வரைந்த வீட்டின் மாதிரியைக் கூடத்துத் தரையில் வைத்து, குனிந்து சன்னல் வழியாக உள்ளே பார்த்து, படிக்கட்டு இடிக்கும் இடத்தைக் கண்டுபிடித்தாள். அவளுக்கு அது வேலைக் கருவி. கழற்றிய காரணக் கட்டத்தில் அவள் பெரும்பாலும் ‘முடிந்தது’ என்றே எழுதியிருந்தாள். அந்தச் சொல் திரும்பத் திரும்ப வரும் பெயர் உங்கள் நோட்டிலும் இருந்தால், அவருக்காக வாங்குங்கள். குடும்பத்துக்காக என்று வாங்காதீர்கள்.

குடும்பமும் ஓரளவு கலந்துகொள்ள ஒரு வழி உண்டு. மாட்டியிருப்பவர் காண்பதைக் கைப்பேசிக்கோ கூடத்து டிவிக்கோ அனுப்பும் வசதி இவற்றில் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் பாட்டியும் பார்த்துச் சிரிப்பார். அதோடு, கேமராக்கள் எந்நேரமும் அறையைப் பார்த்துக்கொண்டிருப்பதால், பதிவு செய்யும்போது முன்பக்க விளக்கு எரிகிறதா என்று வீட்டுப் பெண்களுக்கும் விருந்தினர்களுக்கும் காட்டிவிடுவது முறை. கைப்பேசிக்கே அனுமதியில்லாத மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் இதைக் கொண்டுபோய்த் தூண்களைப் படம்பிடிக்கலாம் என்று என் தம்பி திட்டமிட்டதைச் சொல்லத் தேவையில்லை. வீட்டு வாசலிலேயே அது நிறுத்தப்பட்டது.

விலைக் கணக்கும் பழைய கருவியும்

வெளிநாட்டு டாலர் விலையை ரூபாயாகப் பெருக்கி நிறுத்திவிடாதீர்கள். இறக்குமதி வரி, கண் பவருக்கான லென்ஸ், கனத்தைச் சமன்செய்யும் பட்டை, உறை, பெட்டி, குவெஸ்ட் 3 வகைகளில் கைக்கருவி ஒவ்வொன்றுக்கும் ஒரு ஏஏ பேட்டரி, பிறகு விளையாட்டுகளையும் செயலிகளையும் ஒவ்வொன்றாக வாங்கும் செலவு ஆகியவற்றையும் எழுதுங்கள். ரசீதில் இந்திய வாரண்டி என்று இருக்கிறதா, விற்பவரின் கடை வாரண்டி மட்டுமா என்று பார்த்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவருவதானால், பழுதுபட்டால் திரும்ப அங்கேயே போக வேண்டியிருக்கும். வந்த மொத்தத்தை, மூன்றாம் வாரத்து மணிக்கணக்கின்படி ஓர் ஆண்டுக்கு ஆகும் மணிகளால் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று வரும். என் தம்பியின் கணக்கு, தியேட்டர் டிக்கெட்டையும் இடைவேளை பஃப்ஸையும் தாண்டிப் போனது. அவன் வாங்கவில்லை.

அண்ணன் மகளுக்குப் பழையது ஒன்று வாங்கினோம். அலமாரியில் தூங்குபவை நிறைய இருப்பதால் இரண்டாம் கை விலை விரைவில் இறங்குகிறது. பொறுத்திருப்பவருக்கு அது லாபம். பழையதை நேரில், பகலில், விற்பவர் வீட்டிலேயே பாருங்கள். வெள்ளைப் பின்னணியுள்ள பக்கம் ஒன்றைத் திறந்து, ஒவ்வொரு கண்ணையும் மாறி மாறி மூடி, திரையில் வெயில் பொசுக்கிய மஞ்சள் புள்ளியோ கோடோ இருக்கிறதா என்று தேட வேண்டும். லென்ஸைச் சாய்த்துக் கீறலைப் பார்க்க வேண்டும். முழு சார்ஜில் தொடங்கி அரை மணி ஓடவிட்டு எத்தனை சதவீதம் இறங்குகிறது என்று குறிக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கினால் பேட்டரி தேய்ந்துவிட்டது. கைக்கருவிகள் இரண்டும் விரலசைவும் பிடிபடுகின்றனவா என்று அறையின் நான்கு மூலைகளிலும் நின்று பார்க்க வேண்டும். கடைசியாக, விற்பவரின் கணக்கு அதிலிருந்து நீக்கப்பட்டு, முழுவதும் அழிக்கப்பட்டு, உங்கள் கணக்கோடு புதிதாகத் திறக்கும்வரை அவர் எதிரிலேயே உட்கார்ந்திருங்கள். நாங்கள் அப்படி உட்கார்ந்திருந்த முக்கால் மணி நேரத்தில் அந்த வீட்டு அம்மா இரண்டு முறை காபி கொடுத்தார். அது வாங்கிய நாளிலிருந்து பீரோ மேல்தான் இருக்கிறது என்றும் சொன்னார்.